மரியாதையாகக் கூலி கேட்ட நாடகம்

மரியாதையாகக் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று ஆசிரியர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அது சுத்தப் பொய். இதை ஒப்புக்கொள்வதற்குக்கூட இப்போது அலுப்பாக இருக்கிறது. மாத்திரை வாங்கி வரச் சொல்லி மகனிடம் முந்தாநாள் மரியாதையாகக் கேட்டேன். இன்னும் வந்தபாடில்லை.

என் முதல் வேலை மாயவரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில், தற்காலிக ஆங்கில ஆசிரியையாக. ஊரின் பெரிய மிராசுதார்தான் பள்ளியின் தாளாளர். ஆண்டு விழா முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் தேதி குறிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக, என் வேலையும் கல்யாணமும் அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தன.

ஆட்சி மாறிய புதிது. தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம். தை மாதம், சம்பா விளைந்து தலைசாய்ந்து நிற்கிறது. கூலி நெல்லைக் கூட்டிக்கொடுக்காமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் உட்கார்ந்துவிட்டது. தாளாளர் மசியவில்லை. இந்த நேரத்தில் புத்தியுள்ள எவளாவது கூலி கேட்கும் நாடகம் போடுவாளா? நான் போட்டேன்.

எட்டாம் வகுப்புக்கு அப்போது ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்பது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தேன். 'குட் யூ ப்ளீஸ்' என்று கேட்க வேண்டும். தர முடிந்தால் 'சர்ட்டன்லி, வித் ப்ளெஷர்'. முடியாவிட்டால் 'ஐயாம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்'. பிள்ளைகள் கோரஸாகக் கத்திக் கத்தி எனக்குத் தூக்கத்திலும் அதுதான் கேட்கும். எல்லாரும் ப்ளீஸ் ப்ளீஸ் என்று பேசினால் சண்டை எங்கிருந்து வரும் என்பது என் கணக்கு. (அடேயப்பா, என்ன கணக்கு!) அது போதாதென்று ஒரு புரட்சியும் செய்தேன். கூலியாளாகத் தாளாளரின் மகள் விஜயா. பண்ணையாராகச் சங்கத் தலைவர் கோவிந்தனின் மகன் செல்வராசு.

விழாவன்று முன்வரிசை நாற்காலியில் தாளாளர். மைதானத்தின் பின்பக்கம், தோளில் துண்டோடு சங்கத்து ஆட்கள். ஆங்கிலம் புரியாதே என்று நானே மைக்கைப் பிடித்துத் தமிழும் சொன்னேன். (யார் கேட்டார்கள்?)

கிழிசல் சேலையில் விஜயா வந்தாள். கைகட்டிக் குனிந்து நின்று, குரல் தழுதழுக்க, சொல்லிக்கொடுத்தபடியே ஆங்கிலத்தில் கேட்டாள். "தாங்கள் தயவுகூர்ந்து எங்கள் கூலியை உயர்த்தித் தர இயலுமா?" என்று மைக்கில் முழங்கினேன்.

பின்னால் கோவிந்தன் எழுந்துவிட்டார். "டீச்சரம்மா, நாங்க எப்பங்க இப்படிக் கூழைக் கும்பிடு போட்டோம்? நிமிந்து நின்னுதான் கேக்குறோம்!"

முன்னால் தாளாளரின் முகம் சிவந்துகொண்டிருந்தது. தன் மகள் கந்தலைக் கட்டிக்கொண்டு கோவிந்தன் மகன் முன்னால் கெஞ்சுவதை அவர் அப்போதுதான் பார்க்கிறார். அந்த அறுவடைக் காலத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்மேல் வந்த கோபம்தான்.

போகட்டும், நான் எழுதிக்கொடுத்தபடி செல்வராசு பணிவாக 'ஐ கான்ட்' என்று மறுத்து முடித்ததும் திரையை இழுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் ஒட்டுமீசையைத் தடவினான். விஜயாவைப் பார்த்தான்.

"சர்ட்டன்லி! வித் ப்ளெஷர்!"

நான் திரைக் கயிற்றை எட்டிப் பிடித்தேன். ஆனால் பாழாய்ப்போன வாய், பழக்க தோஷத்தில், "கண்டிப்பாக! மகிழ்ச்சியோடு தருகிறேன்!" என்று மைக்கில் சொல்லிவிட்டது. பின்பக்கம் விசில் பறந்தது. கோவிந்தனே கைதட்டினார்.

திரைக்குப் பின்னால் பயலின் காதைப் பிடித்தேன். "ஏன்டா மாத்திச் சொன்னே?"

"அது அவ்வளவு மரியாதையா கேக்குது டீச்சர். எப்படி இல்லைங்கிறது?"

மறுநாள் காலை சங்கத்துப் பெண்கள் தாளாளர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். "ஒங்க வீட்டுப் புள்ளையே எங்களுக்காகக் கேட்டுருச்சுங்களே ஐயா, இன்னும் என்னங்க?" உள்ளேயிருந்து விஜயா வேறு, "குடுத்துருங்கப்பா" என்றாளாம். வயலில் நெல் உதிர ஆரம்பித்திருந்தது. பொழுது சாய்வதற்குள் கூலி கூடியது. அதற்கு என் ஆங்கிலம் காரணமில்லை, உதிர்ந்த நெல்தான் காரணம். தாளாளர் அப்படி நினைக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். கத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். மனிதர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தயவு பண்ணி, நாளையிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு வராம இருக்க முடியுமா?"

அவ்வளவு பணிவான வேண்டுகோளை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. மாதக்கணக்காகக் கோரஸில் ஊறிய நாக்கு, என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"சர்ட்டன்லி சார், வித் ப்ளெஷர்."

வெளியே வந்து பூவரச மரத்தடியில் நின்று அழுதேன். வேறு பள்ளி கிடைத்து, நிரந்தரமாகி, அதே மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள மேலும் இரண்டு தை வந்துபோக வேண்டியிருந்தது. கல்யாணமான முதல் வாரமே இந்தக் கதையை அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்றுவரை நான் கொஞ்சம் பணிவாக எதைக் கேட்டாலும், கணவர், மகன், மருமகள் மூவரும் கோரஸாக "சர்ட்டன்லி, வித் ப்ளெஷர்!" என்கிறார்கள். ஒருத்தரும் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. மாத்திரையை நானே போய் வாங்கி வந்துவிட்டேன்.