நான் பிடுங்கிய அளவுகோல்

ஒரு இடம் பாழாய்க் கிடக்க வேண்டும் என்று மனதாரப் பிரார்த்தித்தவர்கள் உங்களில் யாராவது உண்டா என்று தெரியவில்லை. நான் பிரார்த்தித்திருக்கிறேன். அதுவும் என் சொந்தப் பொறுப்பில் இருந்த இடம். பிரார்த்தனை பலிக்காமல் போனதும், பாழாக்கும் வேலையையும் நானே செய்தேன். அரசுச் சம்பளத்தில்.

அப்போது நான் உதவிப் பொறியாளராகி இரண்டு வருடம். (வீட்டில் ‘எஞ்சினியர்’. அலுவலகத்தில் ‘அந்தப் புதுப் பிள்ளை’.) பூதப்பாண்டிக்குக் கீழே ஒரு பாலத்தருகில், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கும் நிலையம் ஒன்று என் கணக்கில் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஆற்றுக்குள் ஒரு இரும்புக் கம்பம், அதில் எண்கள் எழுதிய தகடு, கரையில் ஓடு சரிந்த ஒரு கொட்டகை. அவ்வளவுதான். எண்களில் பாதி அழிந்திருந்தது. கம்பமோ, கல்யாணச் சாப்பாடு முடித்துச் சுவரில் சாய்ந்த மாமாவைப் போல ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது.

தினமும் காலையில் அந்தத் தகட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுபவர் ரெத்தினபாய் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகூட சர்ச்சுக்குப் போகிற வழியில் ஆற்றை எட்டிப் பார்த்து எழுதிவிட்டுத்தான் போவார். தனியாக இருக்கும்போது என்னை ‘மக்கா’ என்பார். நாலு பேர் முன்னால் ‘மேடம்’.

இப்படிப்பட்ட நிலையங்களைச் சீர்செய்து, நீர்மட்டத்தைத் தானே அளந்து செல்போனுக்கு அனுப்பும் கருவி வைக்க நிதி வரப்போவதாகத் தகவல் வந்தது. எல்லா நிலையத்துக்கும் கிடைக்காது, மோசமானவற்றுக்கு முன்னுரிமை என்றார்கள். நான் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அதைப் படித்த என் கணவர், “ஏட்டி, இது ரிப்போர்ட்டா, இரங்கல் கூட்டமா?” என்று கேட்டார். கூடவே பன்னிரண்டு புகைப்படங்கள். கம்பம் எந்தக் கோணத்தில் அதிகமாகச் சாய்ந்து தெரியுமோ அந்தக் கோணத்தில், ஆற்றங்கரையில் குப்புறப் படுத்து எடுத்தவை.

அறிக்கை வேலை செய்தது. நேரில் பார்க்கச் சென்னையிலிருந்து மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தது.

முந்தின நாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். “நாளைக்குப் பெரிய ஆளுக வாறாவ அக்கா. கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்றேன். பதிவேட்டோடு அங்கே இருங்கள் என்பது நான் நினைத்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அப்படி என்று அக்கா எடுத்துக்கொண்டார். அவருடைய கணவர் தாசையன் அண்ணன் கொத்தனார், பெயின்டும் அடிப்பார். (இந்த விவரத்தை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.)

மறுநாள் ஜீப்பை விட்டு இறங்கியபோது இடம் மாறி வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம். கொட்டகைக்குப் புது ஓடு, வெள்ளையடிப்பு, வாசலில் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டிகள். மேசையில் முந்திரிக்கொத்து, ரசகதலிப் பழம், பிளாஸ்கில் சுக்குக் காப்பி. ஆற்றுக்குள் கம்பம், காவல் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. கறுப்பு வெள்ளையில் எண்கள் பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தன. அக்கா பட்டுச்சேலையில் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். முகமெல்லாம் பெருமை.

குழுத் தலைவர் என் புகைப்படத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். மறுபடி புகைப்படத்தைப் பார்த்தார்.

“இந்த போட்டோ எல்லாம் எங்கம்மா எடுத்தது?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவை அவர் முன்னால் விட்டுக்கொடுக்க மனமில்லை. நிதியைக் கைவிடவும் மனமில்லை. “எல்லாம் மேல்பூச்சுதான் சார், உள்ளே ஆட்டம் கண்டு போச்சு. இப்போ காட்டறேன்” என்று சொல்லி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். அக்கா பின்னாலிருந்து ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நிதி வெறியில் இருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்?

கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். அசையவில்லை. தாசையன் அண்ணனின் சிமென்ட் அப்படி. அவமானமாகிவிட்டது. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, பிறந்ததிலிருந்து சாப்பிட்ட சோற்றின் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன்.

அடியில் சிமென்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை என்பதைத்தான் அக்கா சொல்லியிருக்கிறார்.

கம்பம் வந்தது. சிமென்ட் கட்டியோடு முழுசாக வந்தது. நான் மல்லாந்து விழுந்து, முங்கி, எழுந்து நின்றபோது, அரசாங்கத்தின் அளவுகோல் என் மார்போடு குழந்தை மாதிரி இருந்தது. காயாத பெயின்டால் ஐந்தும் ஆறும் என் ரவிக்கையில் தலைகீழாகப் பதிந்திருந்தன.

கடைசியில் தலைவர்தான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று, இப்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலையில் அவர் எப்போதும் சரியாக இருப்பார்.

“மேடத்துக்க இடுப்பளவு வெள்ளம் உண்டு சார்.”

குழுவில் இருந்த இளைஞர் ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்கினார். (எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான்.)

கொட்டகையில் அக்காவின் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் சொட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் முந்திரிக்கொத்தைக் கடித்தபடி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. பெருமழை வந்த வருடத்தின் ஒரு நாள். எண் இருக்க வேண்டிய கட்டத்தில், ‘கோலைக் காணவில்லை’ என்று எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டார்.

“கோலு முங்கிப் போச்சு சார்” என்றார் அக்கா. “கீழ வீடுகள்ல இருந்து போன் போட்டுப் போட்டுக் கேட்டாவ, எத்தற அடி, வீட்ட விட்டு எறங்கணுமாண்ணு. எனக்குத் தெரியல்ல. கூடுது, கூடுதுண்ணு மட்டும் சொன்னேன். நம்பிப் போனவிய போனாவ. மத்தவிய கட்டிலுக்கு மேல ஏறி இருந்தாவ. ஆளுக்கொண்ணும் ஆவல்ல, கர்த்தர் காத்தாரு.”

தலைவர் பதிவேட்டை மூடிவைத்தார். அன்று முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற தோரணை இல்லை. பன்னிரண்டு புகைப்படத்தில் நான் சொல்லத் தெரியாததை அக்கா நாலு வரியில் சொல்லிவிட்டார். கரையில் குப்புறப் படுத்த நேரத்தில் பதிவேட்டைத் திறந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து நிதி வந்தது. குழுவின் அறிக்கையும் கூடவே வந்தது. அதில் ஒரு வரியை எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் ஒப்பிப்பார்கள்: ‘தற்போதுள்ள அளவுகோலைப் பொறியாளர் ஒருவரே வெறுங்கையால் அகற்றிவிட முடிகிறது.’

இப்போது அங்கே பாலத்தில் புதுக் கருவி இருக்கிறது. கால் மணிக்கொருமுறை அளவு அனுப்புகிறது. அக்கா அதைக் கண்காணிக்கிறார். நம்பிக்கை வராமல் காலையில் ஆற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். கருவி பொருத்திய மறுநாளே தாசையன் அண்ணன் ஒரு பலகை எழுதிக் கட்டிவிட்டார். ‘மேடம் உட்பட யாரும் தொடக் கூடாது.’

வழிப்போக்கர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. என் கணவர் மட்டும் அந்தப் பாலத்தில் பைக்கை நிறுத்தி, அதை உரக்க ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மகள் ‘மேடம் உட்பட’ என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்வாள்.