ஊருக்கெல்லாம் ஒரே பிரேக்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் நீங்கள் நெருப்பு என்பீர்கள், சக்கரம் என்பீர்கள். நீங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்ததில்லை என்று அர்த்தம். இங்கே ஒரே ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு கடைத்தெரு முழுக்க வண்டி ஓட்டுகிறார்கள்.

இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர்கள் 'மட்டாஞ்சேரி மூத்த பிக்கப் உரிமையாளர் நலக் கூட்டமைப்பு'. ஒரே கம்பெனி, ஒரே மாடல், பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஒரு பிக்கப் வைத்திருப்பவர்கள்தான் இதில் உறுப்பினராக முடியும். வண்டி பழசானால் மருத்துவச் செலவு எகிறும். இந்த மாதம் கிளட்ச் பிளேட், அடுத்த மாதம் ரேடியேட்டர், அதற்கடுத்து ஸ்பிரிங் பட்டை உடையும், செல்ஃப் எடுக்காது. இது போதாதென்று வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிட்னஸ் டெஸ்ட் வேறு. அதற்கு ஆளாளுக்குப் புது டயரும் புது பிரேக்கும் வாங்கினால் கட்டுமா? கூட்டமைப்பு கூடியது, சிந்தித்தது, எல்லாருக்கும் சேர்த்து ஒரு செட் வாங்கியது. நாலு டயர், ஒரு பிரேக் மாஸ்டர், ஒரு ஹாரன், வைப்பர் ஒரு ஜோடி. யாருடைய வண்டிக்கு டெஸ்டோ அவர் மாட்டிக்கொண்டு போவார். பாஸானதும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் மொட்டை டயரோடு வீடு திரும்புவார்.

இப்படியாக மட்டாஞ்சேரியில் ஒவ்வொரு வண்டியும் வருஷத்துக்கு ஒரு நாள் பூரண ஆரோக்கியத்தோடு வாழ்கிறது. மனிதர்களில் எத்தனை பேருக்கு இது வாய்க்கிறது?

நான் ஒச்சப்பன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே மிளகு, சுக்கு வியாபாரம் செய்யும் வெங்கிடேஸ்வரன் முதலாளியிடம் டிரைவர். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, ஆனால் அந்தக் குறையை வண்டி வைத்ததில்லை. கியர் போட்டால் முனகும், பள்ளத்தில் இறங்கினால் திட்டும், ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பழைய கதை சொல்லும். பிரேக் மட்டும் பேசாது. ஆயில் கசிந்து கசிந்து அது மௌன விரதத்தில் இருந்தது. கலூர் சிக்னலில் நிற்க வேண்டுமென்றால் ஒரு தெருவுக்கு முன்பிருந்தே மிதித்து மிதித்துக் கெஞ்ச வேண்டும்.

இந்த வருஷம் டெஸ்ட் அன்று கூட்டமைப்பின் பிரேக்கோடு கிளம்பினேன். முதல் வளைவில் லேசாக மிதித்தேன். வண்டி நின்றது. நான் பயந்துபோனேன். பழக்கமில்லாததால் நெற்றி போய்க் கண்ணாடியில் இடித்தது. அப்புறம் ஒரு ஆசை வந்தது. வேண்டுமென்றே ஓட்டினேன், மிதித்தேன். ஓட்டினேன், மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் நின்றது!

சாயங்காலம் முதலாளியிடம் போய்க் கேட்டேன். "மொதலாளி, டயர வேணா கழட்டிக்கிடட்டும். பிரேக்க மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்க. பாலத்து எறக்கத்துல உசுரு கையில இல்ல."

"ஏண்டா ஒச்சப்பா, டெஸ்ட் பாஸாயாச்சோல்லியோ?"

"ஆயிருச்சு மொதலாளி."

"அப்போ வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லேன்னு கவர்மெண்டே சொல்லியாச்சு. கவர்மெண்டைவிட நோக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. முதலாளி நியாயமானவர். பொதுச் சொத்தை ஒருவர் வைத்துக்கொள்வது தர்மமில்லை என்றும், கூட்டமைப்பில் முறையிடும்படியும் சொன்னார்.

முறையிட்டேன். செயலாளர் சுதீர் என்னை உட்காரவைத்து, சாயா கொடுத்து, முழுக்கக் கேட்டார். அப்படி ஒரு மரியாதை எனக்கு மட்டாஞ்சேரியில் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

"அண்ணாச்சி சொல்றது செரியாணு. பக்ஷே நாளைக்குக் கும்பளங்கி மீன் வண்டிக்கு டெஸ்ட் உண்டு. பிரேக் அவங்களுக்கு வேணுமல்லோ?"

"அதுவரைக்கும் மீன் வண்டி எப்படிச் சேட்டா நிக்கிது?"

"நிக்கறதில்லா. அதானே டெஸ்டுக்கு வேணும்னு சொல்றது!"

சபையில் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு 'டிரைவர்களின் உணர்வுகளை இக்கூட்டமைப்பு ஆழ்ந்து மதிக்கிறது' என்று தீர்மானம் போட்டார்கள். மதித்ததோடு விடவில்லை, கலூரிலிருந்து ஷபானா என்ற மேடத்தை வரவழைத்து எங்களுக்கு 'மன அமைதிப் பயிற்சி' வைத்தார்கள்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க," என்றார் மேடம். "பயம் வண்டியில இல்ல. நம்ம மனசுலதான் இருக்கு. உங்களுக்குள்ள ஒரு பிரேக் இருக்கு. அத ஃபீல் பண்ணுங்க."

கண்ணை மூடியபடியே கேட்டேன். "மேடம், அது முன் சக்கரத்துக்குப் போகுதா, பின் சக்கரத்துக்கா?"

"நெகட்டிவா யோசிக்காதீங்க ப்ளீஸ்."

மதியம் ஊரிலிருந்து என் மனைவி மாயம்மாள் போன் செய்தாள். "பிரேக்கு சரி பண்ணிட்டாகளா?"

"எனக்குப் பண்ணிட்டாக."

"ஒனக்கா? வண்டிக்குப் பண்ணச் சொல்லுய்யா கூறுகெட்ட மனுசா! லைசன்ஸத் தவிர நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

அடுத்த வாரம் சுக்கு மூட்டைகளோடு தோப்பும்படிப் பாலத்தில் இறங்கினேன். முன்னால் பிள்ளைகள் நிறைந்த ஒரு ஸ்கூல் ஆட்டோ நின்றது. மிதித்தேன். கெஞ்சினேன். எனக்குள் இருந்த பிரேக்கையும் ஃபீல் பண்ணிப் பார்த்தேன். கடைசியில் வண்டியை ஒடித்துத் திருப்பி ஒரு காம்பவுண்டு சுவரில் விட்டேன். ஆட்டோ பிழைத்தது. நான் ரோட்டில் விழுந்தேன். இடது கால், இருக்க வேண்டிய திசையில் இல்லை.

கூட்டமைப்பின் மேன்மையை அன்றுதான் முழுசாகக் கண்டேன். ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. கூட்டமைப்பு மாட்டவில்லை. சுதீர், முதலாளி, இரண்டு மெக்கானிக், நாலு டயர், பிரேக், எல்லாம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கின.

நான் கையை நீட்டினேன். "சேட்டா, காலு..."

"ஒரு மினிட், அண்ணாச்சி. ஜாக்கி எவிடெ?"

என்ன வேகம்! ஒருவர் டயரைக் கழற்ற, ஒருவர் அடியில் படுக்க, முதலாளியே கைப்பட ஆயில் ஊற்றினார். பாலத்தடிச் சாயாக்கடைக்காரர்தான் என்னை ஒரு சுக்கு மூட்டையில் சாய்த்து உட்காரவைத்தார். சட்டையைக் கிழித்து என் காலைக் கட்டியவரும் அவர்தான். அவர் கூட்டமைப்பில் உறுப்பினர் இல்லை, அதனால் வேறு வேலை இல்லை.

வேலை முடிந்ததும் முதலாளி என் பக்கத்தில் குனிந்தார். கண்ணில் நீர்கூட இருந்தது. "ஒச்சப்பா, தூங்கிட்டேன்னு சொல்லிடு. லைசன்ஸ் கொஞ்ச நாள் போகும், அவ்வளவுதான். நோக்கு வேலை இங்கேயே இருக்கு. வேற ஏதாவது சொன்னியோ, மட்டாஞ்சேரில ஒருத்தனும் நோக்குச் சாவி தரமாட்டான், கேட்டியா?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் வாகனச் சோதனையில் இருந்த இன்ஸ்பெக்டர் நடந்தே வந்துவிட்டார். டயரைத் தட்டினார். மெச்சினார். சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். முகம் மலர்ந்தது. டெஸ்ட் அன்று எனக்கும் அப்படித்தான் மலர்ந்தது.

இறங்கி என்னிடம் வந்தார். "பிரேக் நல்ல அடிபொளியா இருக்கல்லோ. பின்னெ எந்தாடோ நிறுத்தாத்தது? உறங்கிப்போயோ?"

சுதீர் தலையை ஆட்டினார். முதலாளி அதைவிட வேகமாக ஆட்டினார். லைசன்ஸைத் தவிர வேறென்ன இருக்கு என்று மாயம்மாள் கேட்டது என் காதுக்குள் ஒலித்தது.

"தூங்கல சார்," என்றேன். "இந்தப் பிரேக்கப் பத்தி ஒரு கொற சொல்ல மாட்டேன். தங்கமான பிரேக்கு. நான் செவுத்துல முட்டி விழுந்தப்பெறகுதான் கொண்டாந்து மாட்டுனாக. இங்கன படுத்துப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மாட்டி முடிக்க ஒரு சாயா குடிக்கிற நேரங்கூட ஆகல சார்."