டாஷ்போர்டு விழுங்கிய கற்பூரம்

நல்ல நேரத்தின் விலை நூற்றியொரு ரூபாய். ஜோசியர் பேரம் பேச விடவில்லை. ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை என்று குறித்துக் கொடுத்திருந்தார். அதில் பாதி போன பிறகும், இன்னும் கேஸ் ஏற்றாத குமாரசாமியின் புது டேங்கர் லாரியில் கற்பூரம் நின்று எரியவில்லை.

"மறுபடியும் அணைஞ்சு போச்சுங்க!" என்று கேபினுக்குள்ளிருந்து கத்தினார் அவர் மனைவி மாரக்காள்.

நாமக்கல்லில் முப்பத்தொன்பது டேங்கர் ஓட்டும் வீடு அது. புது வண்டி வந்தால் முதல் கற்பூரத்தை வீட்டம்மா டாஷ்போர்டின் மேலேயே வைத்துக் கொளுத்த வேண்டும். முப்பத்தொன்பது தகர டாஷ்போர்டிலும் ஜம்மென்று எரிந்தது. நாற்பதாவதில்தான் தகரத்துக்குப் பதிலாக, பட்டறைக்காரன் தோமினிக் செய்த பலகை. மரவள்ளி மாவில் செய்த பிளாஸ்டிக். தீப்பிடிக்காமலிருக்க அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சாறு சேர்த்தது. இது தேறினால் மற்ற முப்பத்தொன்பதுக்கும் ஆர்டர். தேறாவிட்டால் சேலத்தில் அவன் பட்டறைக்குப் பூட்டு.

"பெரிய கட்டியா வெச்சுப் பாருங்கம்மா," என்றான் தோமினிக்.

வைத்தார். சுடர் தொட்டதும் பலகை அப்பளம் மாதிரி உப்பியது. கருப்பாய் எழும்பிக் கட்டியை மூடிக்கொண்டது. புகைகூட யோசித்துத்தான் வந்தது.

குமாரசாமி இன்னொரு கட்டியை நெய்யில் முக்கி வைத்தார். அப்பளம் போண்டாவானது. நெய்யும் அணைந்தது.

பட்டறையில் விரலளவு துண்டைத்தான் தோமினிக் கொளுத்திப் பார்த்திருந்தான். கிழங்கும் தவிடும் சேர்ந்து தீயை இப்படி வாயைப் பொத்தி உட்கார வைக்கும் என்று அவனே நினைக்கவில்லை. நெஞ்சு நிறைந்து, "அடேங்கப்பா!" என்றுவிட்டான்.

மாரக்காள் திரும்பினார். "என்ற ஊட்டு வண்டியில கற்பூரம் அணையுது. உங்களுக்கு அடேங்கப்பாவா சாமி?"

"இல்லீங்கம்மா... வேற பலகை இருக்குதுங்க. மாத்திடறேன்."

மாற்றியது அதைவிடத் தப்பு. புதுப் பலகை, ஒன்றாய்க் குவித்த ஐந்து கட்டிகளையும் ஒரே வாயில் விழுங்கியது. பக்கத்து பாடி பில்டிங் பட்டறை ஆட்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து, கோயில் வாசல் மாதிரி செருப்பைக் கழற்றி விட்டு நின்றார்கள்.

"ஒம்பது கட்டி!" மாரக்காள் விரல் விட்டு எண்ணினார். "இந்த வண்டி ஆகாதுங்க. இதைப் பேத்துப் போட்டுத் தகரத்தையே அடிங்க."

"ஏனுங்க தோமினிக்கு, தீயை அணைக்கும்னீங்க, சரி," என்றார் குமாரசாமி. "சாமி தீயை மட்டுமாச்சும் உட்டு வெக்கப்படாதுங்களா?"

தோமினிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

அதற்குள் இந்த வண்டிக்கென்று புதிதாக வந்த டிரைவர் மணிமாறன் கேபினில் ஏறினான். கரியை நகத்தால் சுரண்டினான். அடியில் பலகை வெளுப்பாய், முழுசாய் இருந்தது. பிறகு சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஏனுங்கம்மா, நாளையிலிருந்து என்ற முதுகுக்குப் பின்னால பதினெட்டு டன்னு கேஸு. கற்பூரம் நின்னு எரியற வண்டிய வேற யாராச்சும் ஓட்டட்டும்ங்க. கணக்கு எழுதிக்கங்க: செலவு ஒம்பது கற்பூரம், வரவு ஒரு டிரைவரு, பலகை மாத்த பாக்கி முப்பத்தொம்பது வண்டி."