தும்மல் துரையால் வந்த தலைகுனிவு

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர.

சின்ன வயதில் நீ எனக்கு உரக்கப் படித்துக் காட்டிய தும்மல் துரை படக்கதை ஞாபகமிருக்கிறதா? திருடன் யாரென்று சொல்ல அந்தத் துப்பறிவாளர் விரலை உயர்த்துவார், வாயைத் திறப்பார், தும்மல் வந்துவிடும், திருடன் ஓடிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை, என் மகள் விரும்பும் பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். தலைமையாசிரியராக இருந்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. எல்லாம் பேசி, "எங்க முடிவு என்னன்னா..." என்று விரலை உயர்த்தினார், வாயைத் திறந்தார், கண் மேலே செருகியது, போட்டாரே ஒரு தும்மல்! இத்தனை வருஷம் எனக்குள் தூங்கிய துரை எழுந்துவிட்டார், அக்கா. குடித்த டீ பாதி என் மூக்கு வழியாகவும் மீதி அவர் சட்டை மேலும் போனது. அத்தோடு வாயைப் பொத்தியிருக்கலாம். "உங்களைப் பாத்து சிரிக்கலீங்க, உங்கள மாதிரியே ஒரு அசடு கதையில வருவான்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தபடி, "என் கல்யாணம் உங்களுக்கு வேடிக்கையா இருக்காப்பா?" என்றாள். என் மனைவியோ, "வேலையிலேர்ந்து ரிட்டையர் ஆனீங்க சரி, புத்தியுமா ரிட்டையர் ஆகணும்?" என்றாள்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "நான் பண்ணினது தப்புங்க" என்றேன். "அந்தக் கதைக்குப் பேரு என்ன?" என்றார். சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது, சவரம்கூடச் செய்யவில்லை.

நீ எடுத்துச் சொன்னால் கல்லும் கேட்கும். உடனே புறப்பட்டு வந்து, 'என் தம்பி பிறந்ததிலிருந்து சிரித்ததே இல்லை' என்று அவரிடம் சொல். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தலை நிமிராத உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அவரே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவருக்குத் 'தும்மல் துரை' என்றுதான் பட்டப்பெயராம். வகுப்பே கூவிக் கூவி அழவைத்ததாம். "சிரிச்சவங்க எத்தனையோ பேரு. வீடு தேடி வந்து மன்னிப்பு கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். கல்யாணம் உறுதி. அந்தப் பேரை வைத்தது யாரென்று கேட்டேன். மேல் வகுப்பில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணாம்; இடைவேளையில் படக்கதையை விரித்துக் காட்டி ஊரைக் கூட்டினாளாம். எந்தப் பள்ளிக்கூடம் என்றேன். சொன்னார். எனக்கு வேர்த்துவிட்டது. உன் பள்ளிக்கூடம்தான், அக்கா. நீ வரவேண்டாம். கல்யாணத்துக்கும் அத்தான் மட்டும் வந்தால் போதும்.