ரைட்டு நைனா உட்கார்ந்த நாள்

துக்கத்துக்கே ரைட் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் எங்கள் திருத்தணிக்காரர். அரக்கோணம் பஸ்ஸில் காலம் பூராவும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் என்னவோ, யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் ரைட்டு நைனா.

மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் போதாது, நோயாளிகள் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசவும் வேண்டும் என்று டாக்டரம்மா செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார். ஏன்தான் விடிகிறதோ என்று தினமும் நான் அழுதுகொண்டிருந்த காலம் அது. போனேன். எல்லோரும் வட்டமாக நாற்காலியில் இருக்க, இவர் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க சார்," என்றார் டாக்டரம்மா.

"கண்டக்டர் உக்காந்துட்டா வண்டி எப்டிங்க போவும்? ஆங், முன்னாடி கீறவங்க சொல்லுங்க. ரைட்!"

தறி ஓட்டும் பத்மா வாயைத் திறந்தாலே அழுவாள். உடனே "ஹோல்டான்!" என்று கத்துவார். மருந்து வாங்கும் வரிசைகூட அப்படியே நின்றுவிடும். அவள் அழுது முடிக்கிறவரை யாரும் மூச்சு விடக் கூடாது. "ஆச்சாம்மா? பாத்து எறங்கு. ரைட்!" சிரிப்பையே மறந்திருந்த நாங்கள் சிரித்தோம். பாழாய்ப்போன மனசு, சிரித்ததற்கும் வீட்டுக்குப் போய் அழுதது.

எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே கூட்டம். ஆனால் எல்லோரும் ஒன்றுபோலத் தேறவில்லை. பத்மாவுக்காக வெளியே புருஷன் வண்டியோடு காத்திருப்பான். எனக்கு மகள் வருவாள். நாங்கள் மெல்ல எழுந்துவிட்டோம். நைனா மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனார். சொந்தக் கதையைக் கேட்டால், "எல்லாரும் எறங்கட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தவர், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். 

"மாத்திரை போடறதயே வுட்டுட்டேங்க," என்றார் தரையைப் பார்த்து. "நா நல்லா ஆயி எங்க போறது? எம் பொஞ்சாதி செத்ததுல இருந்து, 'வந்துட்டியா'ன்னு கேக்க வூட்ல ஆளில்ல."

"ஹோல்டான்!" என்று கத்தினாள் பத்மா. ஒருவரும் அசையவில்லை. அவர் அழ அழ அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு இப்போது மாத்திரை நின்றுவிட்டது. நைனா இன்னும் தேறவில்லை; சில நாள் மாத்திரை போடுகிறார், சில நாள் போடுவதில்லை. ஆனாலும் செவ்வாய் தவறாமல், மலைக்கோயிலுக்கு வரும் ஜனக்கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காவிட்டால் நடந்தாவது போய், ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். கூட்டம் முடிந்து அந்த மனுஷன் வெளியே வரும்போது, "வந்துட்டீங்களா நைனா?" என்று கேட்க வேண்டும் எனக்கு.