நீலவேணியின் உயிர் அண்டாவில் இருக்கிறது

ஆவடி குவார்ட்டர்ஸ்,
18-5-1993

பெங்களூர்த் திருவேங்கடம் மாமா அவர்களுக்கு, அக்கா மகள் தாட்சாயிணி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, அம்மா இருவரும் சௌக்கியம். நான் சௌக்கியமா என்பது உங்கள் பதிலில் இருக்கிறது.

நீங்கள் வாங்கித் தந்த விளையாட்டின் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். பலகையே இல்லாமல், ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் ஆளாக நடப்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. என் வகுப்புத் தோழி கன்னியம்மாள் கதை சொல்கிறாள். கீழ்வீட்டு சுலைமான் போர்வீரன். நான் நீலவேணி என்னும் மந்திரக்காரி. பொங்கல் லீவிலிருந்து அவளை வளர்க்கிறேன். பூட்டைத் திறக்கவும் ஓநாயோடு பேசவும் கற்றிருக்கிறாள். அவளைப் பற்றிய எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. ஆள் செத்தால் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது கன்னியம்மாள் சட்டம். "செத்தவ திரும்பி வந்தா அப்பால கத்தி இன்னாத்துக்கு? கரண்டி வெச்சுக்கோ" என்பாள்.

முந்தாநாள் குகைப் பூதத்தோடு சண்டை. நைட் ஷிப்ட் முடித்து அப்பா கூடத்தில் தூங்கியதால் சமையலறையில் உட்கார்ந்து ரகசியக் குரலில் சண்டை போட்டோம்; பூதம்கூடக் கிசுகிசுவென்றுதான் உறுமியது, அதனாலேயே எனக்கு அதிகமாக வியர்த்தது. முதல் அடியில் சுலைமானின் வீரன் மயங்கி விழுந்தான், இரண்டாவது அடி என் தோளில், நீலவேணிக்கு மிச்சம் ஒரே ஒரு உயிர்ப்புள்ளி. "இன்னாடி, ஓடிடறியா? வழி தொறந்துதான் கீது" என்றாள் கன்னியம்மாள். ஓடினால் வீரனைப் பூதம் தின்றுவிடும். சுலைமான் என்னைப் பார்க்காமல் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிக்கிறேன்" என்றேன். "அப்ப பூதம் அடிக்குது. பன்னெண்டோ அதுக்கு மேலயோ வுழுந்தா நீ காலி" என்று இருபது முகப் பகடையைக் குலுக்கி வீசினாள். அது ஆட்டுக்கல்லில் பட்டு எகிறி, அம்மா அப்போதுதான் மூடியைத் திறந்த குடிதண்ணீர் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது.

"உள்ள கைய விட்டா தெரியும் சேதி. இனிமே தண்ணி நாளன்னிக்குத்தான் வரும்" என்றாள் அம்மா. பிறகு, "எத்தனை விழுந்தா உன் பொண்ணு பிழைப்பா?" என்று கேட்டாள். பதினொன்றுக்குள் என்றேன். டார்ச்சை எடுத்து வந்து இருண்ட அண்டாவுக்குள் குனிந்தவள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நிமிர்ந்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் தண்ணீரைக் குடித்தே தீர்க்கிறோம் மாமா. சுலைமான் அடிக்கடி மாடியேறி வந்து சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, "இன்னும் தெரியலியே தாட்சா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். அம்மா மட்டும் என்றுமில்லாத அன்போடு இருக்கிறாள். எண்ணெய் தேய்த்துவிட்டாள், சேமியா பாயசம் வைத்தாள், கணக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை. லீவு என்பதால் இருக்கும். எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை.

தண்ணீரில் விழுந்தது செல்லாது, மறுபடி உருட்டலாம் என்கிறான் சுலைமான். நான் ஒப்பவில்லை. மறுபடி உருட்டலாம் என்றால் பூதத்துக்கு யார் பயப்படுவார்கள்? அடியில் எது கிடக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்று நீங்கள் உறுதியாக எழுத வேண்டும். நீலவேணி பிழைத்த பின் யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக்கூடாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வரட்டும்.

இப்படிக்கு,
தாட்சாயிணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அண்டா காலியாகிவிட்டது. பதினேழு. சாய்க்கும்போது புரண்டிருக்கும் என்றேன். "புரளலடி. முந்தாநாளும் பதினேழுதான்" என்றாள் அம்மா. டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன், நன்றாக எரிகிறது. ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். தண்ணீரில் விழுந்த பகடை செல்லாது என்று ஒரு கார்டு போட்டால் போதும். தாளைக் கிழிக்கக் கன்னியம்மாள் வந்திருக்கிறாள். "முதல்ல சாப்பிடு கண்ணு" என்று அம்மா அவளை உட்கார வைத்துத் தோசை மேல் தோசையாக வார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாவு கொஞ்சம்தான் இருக்கிறது மாமா, சீக்கிரம் எழுதுங்கள்.