குப்பைக் கிடங்கு, கிளை எண் இரண்டு

நகராட்சிக் கணக்கர் விதிப்புத்தகத்தை மூன்றாவது முறையாகப் படித்தார். அந்த ஒரு வாக்கியம் மாறவில்லை.

"குப்பைக் கிடங்கு வாசலில் வசூலிக்கும் கட்டணத்தை, இயங்கும் கிடங்கைப் பராமரிக்கவும், மூடிய கிடங்கைச் சீரமைத்து அழகுபடுத்தவும் மட்டுமே செலவிடலாம்."

ஊருக்கென்று இருப்பது ஒரே கிடங்கு. ஊருக்கு வெளியே. அதை யாரும் மூடவுமில்லை, அழகுபடுத்தவுமில்லை.

ஜன்னலுக்கு நேர் எதிரே, பூங்காவில், அந்தக் கட்டணத்தில் வாங்கிய நீரூற்று ஆனந்தமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. போன மாதம் திறந்தது. குழி தோண்டினால் செருப்பும் பால் பையுமாக வருகிறது என்று ஒப்பந்தக்காரர் முனகியதைத் தவிர, ஒரு குறையும் இல்லை. செலவுச் சீட்டின் அடியில் கணக்கரின் கையெழுத்து. நாளைக் காலை பத்து மணிக்குத் தணிக்கை.

பதினோரு வருடம் தற்காலிகப் பணி. வேலை நிரந்தரமாகி நாற்பது நாள்தான் ஆகிறது.

ஆணையரிடம் ஓடினார்.

"சார், நீங்க சொல்லித்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"எழுதிக் குடுத்தேனா?"

"வாயால சொன்னீங்க."

"வாயைப் பத்திப் பேசாதீங்க. நாளைக்கு எனக்குப் பல்வலி. லீவு எழுதிட்டேன்."

மனைவிக்குப் போன் செய்தார்.

"அந்த ஃபவுண்டனைப் பேத்தெடுத்துக் கிடங்குல கொண்டுபோய் வைங்க" என்றாள்.

"சிமென்ட் போட்டுப் பூசியிருக்கு."

"அப்போ கிடங்கை ஃபவுண்டன்கிட்ட கொண்டாங்க!" சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

கணக்கர் சிரிக்கவில்லை. லாரி டிரைவரைக் கூப்பிட்டார்.

மாலை நான்கு மணிக்கு ஒரு லாரி குப்பை நீரூற்றின் பக்கத்தில் சரிந்தது. அதன் மேல் பலகை: "குப்பைக் கிடங்கு. கிளை எண் 2."

டிரைவரிடம் விதி முதல் தணிக்கை வரை எல்லாம் கேட்டுக்கொண்டு, பூங்காவைப் பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"சார், சார், இந்த இடம் வந்து..."

"அக்கா, இது ஆபீஸ் விஷயம். உங்களுக்குப் புரியாது."

"இல்ல சார், முப்பது வருஷமா நான் இங்க..."

"நாளைக்குச் சொல்லுங்க."

மறுநாள் எட்டு மணிக்கே பூங்கா வாசலில் வரிசை நின்றது. பலகையைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? கால் போன கட்டில், ஊறிப்போன மெத்தை, விரிசல் விட்ட கழிப்பறைக் கோப்பை.

"எடை போட மாட்டீங்களா?" என்றார் மெத்தைக்காரர்.

"இங்க எடைமேடை இல்ல."

"அப்போ காசும் இல்லையா? இருங்க, வீட்டுல இன்னும் ரெண்டு கெடக்கு."

கட்டணம் வாங்காமல் விட்டால் அது இன்னொரு விதிமீறல். கணக்கர் ரசீதுப் புத்தகத்தோடு குப்பைமேல் உட்கார்ந்தார். ஒன்பதரைக்குள் நீரூற்று கழுத்துவரை மூழ்கிவிட்டது. அதன் வாயில் யாரோ ஒரு ஓட்டைக் குடையைச் செருகியிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒவ்வொரு பக்கம் தண்ணீர் பாய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் கணக்கரின் பரம்பரையையே விசாரித்தார்கள்.

பத்து மணிக்குத் தணிக்கையாளர் வந்தார். மூக்கில் கைக்குட்டை.

"என்னய்யா இது?"

"கிடங்கு சார். கிளை."

"அது?"

"நாத்தத்தைத் தணிக்கிற கருவி சார்."

கருவி அவர் சட்டையை நனைத்தது.

"பூங்காவுல கிடங்கு தொறக்க யாரு அனுமதி குடுத்தது?"

கணக்கர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் பதில் இல்லை.

தணிக்கையாளர் எழுத ஆரம்பித்தார். பக்கம் முடிந்தது. திருப்பி எழுதினார். நாற்பத்தோராவது நாள்தான் கடைசி நாள் என்று கணக்கருக்குப் புரிந்துவிட்டது.

பெருக்குகிற அக்கா துடைப்பத்தில் சாய்ந்து நின்றார்.

"இப்பவாவது சொல்லட்டுமா சார்?"

"சொல்லுங்கக்கா. இனிமே என்ன."

"இந்தப் பூங்காவே பழைய குப்பைக் கிடங்குதான் சார். மண்ணு போட்டு மூடுனவங்கள்ல நானும் ஒருத்தி. நேத்து நாலு மணி வரைக்கும் உங்க கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."